முட்டுக்கட்டை

சென்ற தை மாதம் ஒரு நாள், ராயகிரியில் எங்கள் தெருமுனையில் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று நின்றுபோயிற்று. பட்டை முறிந்திருந்தது. சிவகிரி ரோட்டுப் பட்டறையிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். அவன் அச்சுக்கடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினான். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்தான். ஒரு சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே போய்விட்டான். அவன் நெஞ்சுக்கு மேல் அத்தனை கரும்பும் ஒரு ஜாக்கியின்மீது நின்றது.

"தம்பி, முட்டுக் குடுத்துட்டுப் படு."

"அஞ்சு நிமிச வேலை மாமா."

நான் வீட்டுக்குப் போனேன். பழைய வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய பனங்கட்டைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அச்சுக்கடியில் ஜாக்கியை ஒட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். "மிலிட்டரி மாமாவுக்குப் பயத்தைப் பாரு" என்று வண்டிக்காரர் சிரித்தார். ஐந்து நிமிஷ வேலை நாற்பது நிமிஷம் எடுத்தது. ஜாக்கி நழுவவில்லை. பையன் வெளியே வந்தான், கையைத் துடைத்துக்கொண்டான், வண்டி போயிற்று.

அவ்வளவுதான். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத ஒரு காரியத்தை எதற்காக எழுத வேண்டும் என்று கேட்கலாம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பத்திரிகையை நடத்தும் நண்பர் பட்டாள அனுபவங்களை எழுதச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறார். அவர் மனசில் இருப்பது யுத்தம். நான் யுத்தம் பார்த்தவனில்லை. 1977இல் சேர்ந்து 1999இல் வெளியே வந்தேன். இருபத்திரண்டு வருஷமும் ஈ.எம்.ஈ. என்று சொல்லப்படும் மின், இயந்திரப் பொறியாளர் படையில். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1943 அக்டோபர் 15இல், பட்டாளத்தின் வண்டிகளையும் பீரங்கிகளையும் கருவிகளையும் பழுது பார்ப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்ட படை அது. மற்ற படைகளில் சிப்பாய் என்று இருக்கும் கடைசிப் படிக்கு எங்களிடம் க்ராஃப்ட்ஸ்மேன் என்று பெயர். கைவினைஞன். துப்பாக்கியைப் பயிற்சித் திடலில் சுட்டதைவிட ஸ்பானரைப் பிடித்த நாள்கள்தான் அதிகம். சாவை நான் பார்த்ததெல்லாம் லாரிக்கடியிலும் பாட்டரி அறையிலும்தான். அங்கே அது எதிரியின் வேஷத்தில் வருவதில்லை. கழற்ற மறந்த மோதிரமாகவோ, அவசரத்தில் விட்டுவிட்ட ஒரு மரக்கட்டையாகவோ வருகிறது.

நான் கிளம்பும்போது அம்மா சங்கரன்கோவிலுக்குப் போய், கோமதியம்மன் சன்னதியில் வைத்து எடுத்த கயிறு ஒன்றை என் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். செகந்திராபாதில் பயிற்சியின் முதல் நாள் வாத்தியார் ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் வந்தார். மோதிரம், கடிகாரம், கழுத்துச் செயின், கைக்கயிறு எல்லாம் அதற்குள் போக வேண்டும். நான் தயங்கினேன். "கட்டிவிட்டது யார்?" என்றார் இந்தியில். அம்மா என்றேன். "உன் கை உன் உடம்போடு ஊருக்குத் திரும்பி வரவேண்டும் என்றுதானே கட்டினாள்? அதற்காகத்தான் நானும் கழற்றச் சொல்கிறேன்" என்றார். போட்டேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் பின்னால் புரிந்தது. பாட்டரியின் ஒரு முனைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு தங்க மோதிரம் அகப்பட்டுக்கொண்டால், இழுத்து எடுப்பதற்குள் அது பழுக்கக் காய்ந்து எலும்பு வரைக்கும் போய்விடும். அதனால்தான் உடம்போடு இணைத்த முனையை முதலில் கழற்று, மாட்டும்போது கடைசியில் மாட்டு என்பது. சுற்றும் தண்டில் ஒரு கயிற்று நுனி சிக்கினால் கயிறு அறுவதில்லை. கையைத்தான் கூட்டிக்கொண்டு போகும். லீவில் வந்தபோது அம்மா மணிக்கட்டைப் பார்த்து, "கயிறு எங்கலே?" என்று கேட்டாள். அறுந்துபோச்சு என்றேன். விதியைச் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வேலை விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். சின்னப் பொய்.

விதிகள் என்று சொன்னேன். அவற்றின் மொழியைப் பற்றி இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குச் சொல்ல ஆசை. புத்தகங்கள் இங்கிலீஷில், கட்டளைகள் இந்தியில். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த எங்களுக்கு அவை மந்திரம் மாதிரி மனப்பாடமாயின. அந்த வாக்கியங்களில் பெயரடை கிடையாது. யார் சொல்கிறான் என்பது கிடையாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அன்று. லாரிச் சக்கரத்தில் டயரை மாட்டிப் பூட்டு வளையத்தைப் பொருத்திய பிறகு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும்; வளையத்துக்கு நேரே நிற்கக் கூடாது. பாட்டரி சார்ஜ் ஆகும் அறையில் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொறி போதும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடாதே. வண்டி பின்னால் வரும்போது ஒருவன் இறங்கி நின்று கை காட்ட வேண்டும். டாங்கிக்குள் இறங்குமுன் மேல்கூடு சுழலாதபடி பூட்டு, மின்சாரத்தை நிறுத்து, சாவி உன் பையில் இருக்கட்டும்.

ஆவடியில் 1965 முதல் செய்யப்பட்ட விஜயந்தா டாங்கி முப்பத்தொன்பது டன். அதன் பீரங்கிக் கூடு ஒரு பொத்தானுக்குத் திரும்பும். ஓட்டுபவன் தன் துளையிலிருந்து தலையை நீட்டியிருக்கிறான் என்பது கூட்டுக்குத் தெரியாது. "சாவி உன் பையில் இருக்கட்டும்" என்ற நான்கு வார்த்தை வாக்கியத்தை யாரோ எழுதும்படி ஆயிற்றென்றால், அதற்கு முன் எங்கோ சாவி வேறொருவன் கையில் இருந்திருக்கிறது. அந்தக் கதை வாக்கியத்தில் இல்லை. செத்தவனை உள்ளே வைத்து மூடிவிட்டு, மேலே ஒரு வினைச்சொல்லை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கருவிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் அதனதன் இடத்தில் கறுப்புச் சாயத்தில் வரையப்பட்டிருக்கும். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு ஒரு கறுப்பு உருவம் தனியே தெரிந்தால், ஒரு வண்டியும் கிளப்பப்படாது. அந்த ஸ்பானர் ஏதோ ஒரு எஞ்சினின் வயிற்றில் கிடக்கிறது என்று அர்த்தம். இருப்பதைச் சொல்லும் எழுத்து எத்தனையோ படித்திருக்கிறேன். இல்லாததை அவ்வளவு தெளிவாகச் சொல்லும் எழுத்தை அந்தப் பலகையில்தான் பார்த்தேன்.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவனுக்கு இறுக்கமான உடையை முதலாளியே தரவேண்டும் என்றது. அதே சட்டம், ராணுவத்தின் நடமாடும் பிரிவுகள் தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் அடங்கா என்றும் வரையறுத்தது. நடமாடும் பிரிவுகளில் இருந்த வருஷங்களில் எங்களுக்குச் சட்டத்தைவிட நெருக்கமாக இருந்தது வாத்தியாரின் குரலும், ஒரு பதிவேடும்தான். பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். கட்டங்கள். வேலை தொடங்குமுன் பொறுப்பாளன் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து, கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

1986 ஜனவரி. வடக்கே ஒரு பணிமனை, எதுவென்று வேண்டாம். நான் அப்போது நாயக். மறுநாள் காலை மேலதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள். ஒரு மூன்று டன் லாரி அதற்குள் எழுந்து நிற்க வேண்டும். கொட்டகையில் இருந்த தாங்கிகள் எல்லாம் வேறொரு வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தன. மரக்கட்டைகள் இருந்தன, கொட்டகைக்கு வெளியே, பனியில், நூறு கஜ தூரத்தில். நான் நெருப்புக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பதிவேட்டை மடியில் வைத்துக் கட்டங்களை நிரப்பினேன். சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கப்பட்டதா? குறி. பாட்டரி கழற்றப்பட்டதா? குறி. தாங்கிகள் வைக்கப்பட்டனவா? குறி. கீழே என் கையெழுத்து. குறியிட்டுவிட்டு யாரையாவது அனுப்பிக் கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. அனுப்பவில்லை என்பதும் உண்மை.

அடியில் படுத்தவன் கடுவால்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன். கியர்பெட்டியைப் பின் அச்சோடு சேர்க்கும் தண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜாக்கிக்குள் இருப்பது எண்ணெய். அதைக் காப்பது ஒரு ரப்பர் வளையம். குளிரில் விறைத்து, தேய்ந்து போன வளையத்தைத் தாண்டி எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்க்க முடியாது. மெதுவாக இறங்கும், அல்லது ஒரேயடியாக. அன்று ஒரேயடியாக இறங்கிற்று. அவன் தலையை இழுத்துக்கொண்டான். இடது கை உள்ளே இருந்துவிட்டது. மூன்று விரல்கள் போயின. மற்ற இரண்டும் மடங்கவில்லை.

விசாரணை நடந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். தாங்கி வைக்கப்படவே இல்லை என்று சொன்னான். பதிவேடு, வைக்கப்பட்டது என்றது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டி, "இது உன் கையெழுத்தா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அடுத்த கேள்வி வரவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை. தாளுக்கும் மனிதனுக்கும் நடந்த வழக்கில் தாள் ஜெயித்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் காயம்பட்டவரே தாங்கிகளை அகற்றியிருக்க வேண்டும் என்று முடிவு எழுதப்பட்டது. அவன் கையை வாங்கியது ஜாக்கி. அவன் வார்த்தையை வாங்கியது என் பேனா.

ஒரு மாதம் கழித்து, தூக்கம் கெட்டு, எனக்கு மேலே இருந்த ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "கோப்பு மேலே போய்விட்டது. இனி நீ சொன்னால் கெடப்போவது இரண்டு பேர். ஒரு விரல் முளைக்காது" என்றார். அது நியாயமாகவும் அனுபவசாலியின் பேச்சாகவும் எனக்குப் பட்டது. அப்படிப் படவேண்டும் என்று நானும் விரும்பினேன். நான் எழுதி அச்சேறிய கவிதைகள் மொத்தம் ஏழு. என் எழுத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கையை மாற்றியது ஒன்றே ஒன்று. அது ஒரு கட்டத்துக்குள் போட்ட குறி.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அதே வேலையில் இருந்தேன். வண்டிக்கடியில் குனிந்து, தாங்கியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் கட்டத்தில் குறியிட்டதில்லை. "தொட்டுப் பார்த்துக் குறியிடு" என்று எனக்குக் கீழே வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. நானும் ஒரு விதியை எழுதினேன், கதையை உள்ளே வைத்து மூடிவிட்டு.

இப்போது ஊரில் உட்கார்ந்து பத்திரிகைகளில் இம்மாதிரி விபத்துகளைப் படிக்கும்போது, கடைசியாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது யார் என்பதைத்தான் தேடுகிறேன். 1967 ஜூலை 29இல், டோங்கின் வளைகுடாவில் நின்ற ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், ஒரு விமானத்தின் ராக்கெட் மின்சார அதிர்ச்சியில் தானாகக் கிளம்பி எதிரே நின்ற விமானத்தைத் தாக்கியது. 134 பேர் இறந்தார்கள். விமானம் கிளம்பும் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே ராக்கெட்டின் மின் இணைப்பைச் செருக வேண்டும் என்பது விதி. அதற்கு நேரமாகிறது என்று முன்கூட்டியே செருகிக்கொள்ள, கப்பலில் ஒரு குழு கூடி ஒப்புதல் தந்திருந்தது. எல்லாரும் அறிவாளிகள், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பனியில் நூறு கஜம் நடக்க அலுத்துக்கொண்ட ஒரு நாயக்கை நான் அந்தக் குழுவில் பார்க்கிறேன்.

நம் கடற்படையில் 2013 ஆகஸ்ட் 14இல் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி மும்பையில் வெடித்துப் பதினெட்டுப் பேர் போனார்கள். ஆறு மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 26இல், பழுது பார்த்து முடித்துக் கடலில் சோதனையில் இருந்த சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீயும் புகையும் கிளம்பி இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அது தேவையா, அதனால் என்ன பயன் என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அபிப்பிராயம் சொல்லும் தகுதி இல்லை. அந்தக் கப்பலின் ஒரு திருகைக்கூட அவர் முடுக்கியிருக்கமாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவன் தானே முடுக்க வேண்டிய திருகுக்கு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

நம் கதைகளில் விபத்து ஒரு சௌகரியம். கதாசிரியருக்கு மேலே வழி தெரியாதபோது ஒரு லாரி வந்து சேரும். வராத லாரியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விபத்தைத் தடுப்பவன் தன் காரியத்தைச் சரியாகச் செய்தால், அவன் செய்ததற்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. காப்பாற்றப்பட்டவனுக்கும் தெரியாது. பையன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். மிஞ்சுவது பதிவேட்டில் ஒரு குறி மட்டும். அதுவும் பொய்யானால் ஒன்றுமே இல்லை.

பாஷையும் இதில் நமக்கு உதவி செய்யவில்லை. முட்டுக்கட்டை என்றால் இன்று இடைஞ்சல் என்றுதான் அர்த்தம். ஒரு நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். ஆனால் ஆடித்தபசுத் திருவிழாவில் சங்கரன்கோவிலில் அம்மன் தேர் ஓடும்போது, சின்னப் பிள்ளையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த முட்டுக்கட்டை வேறு. ஊர் முழுக்க வடத்தைப் பிடித்து இழுக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் கட்டையும் கையுமாகக் குனிந்துகொண்டே வருவார்கள். கூட்டத்தில் எல்லார் கண்ணும் அம்மன் மேல் இருக்கும். அவர்கள் கண் மட்டும் சக்கரத்தில். சரியான நிமிஷத்தில் கட்டை விழாவிட்டால் தேர் எங்கே போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தேர் நிலைக்கு வந்த பிறகு கும்பிட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த சொல், எப்படி வசைச்சொல்லாக நம்மிடம் வந்து சேர்ந்தது? வடத்தை இழுத்தவர்கள்தான் பாஷையை வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

1991இல் அந்தக் கடுவால்காரனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குறியிட்டது, டீ குடித்தது, கட்டைகள் இருந்த தூரம், விசாரணையில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தையைப் போடவில்லை. அதைப் போட்டால் அவன் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிடும் என்று பட்டது. நாலு மாதம் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. இந்தியில் ஆறு வரி. தன் ஊரில் ஒரு மாவு மில் வைத்திருப்பதாக எழுதியிருந்தான். பெண்கள் முந்தானையோடு பக்கத்தில் வந்து நிற்கிறார்கள், அதனால் ஓடும் பெல்ட்டுக்கு மேல் கம்பிக் கூண்டு போட்டிருப்பதாகவும், அந்தப் பக்கத்து மில்களில் வேறு யாரும் போடவில்லை என்றும். என் கடிதம் கிடைத்தது என்றுகூட அதில் இல்லை. அந்தப் பக்கம் வந்தால் பார்க்கலாம் என்று கடைசி வரி. நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

டிரெய்லர் கிளம்பிப் போன சாயங்காலம், பட்டறைப் பையன் பனங்கட்டைகள் இரண்டையும் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டான். "இந்தாங்க மாமா, உங்க கட்டை. தேவையே படல" என்றான். அவன் போன பிறகு கட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். எங்கும் அச்சு அழுந்திய தடம் இல்லை. திண்ணையில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி சார்த்தி வைத்திருக்கிறேன்.